அண்ணனுக்குள் போன இரத்தம்

கமலினி பென்டில் ஹில்லில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்தாள். விழுங்க முடியாதவர்களுக்குச் சாப்பாட்டை மசித்துக் கொடுப்பது அவளுடைய பொறுப்பு. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள் என்று புலம்பெயர்ந்து வந்து கிரவீனில் குடியேறிய தமிழ்ச் சனத்துக்குள் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது.

அப்படிச் சொன்ன ஒரு சொல்தான் அவளையும் அவளுடைய ஒரே அண்ணன் தேவராஜாவையும் பிரித்தது. 2009 தொடக்கத்தில் வன்னியில் ஷெல் விழுந்து அவர்களுடைய அம்மா செத்துப்போனார். அதற்கு முந்தைய வருடம் அம்மாவைச் சண்டை எட்டாத வவுனியாவுக்குக் கூட்டிவரக் கமலினி இங்கிருந்தபடியே ஒரு வாகனம் ஒழுங்கு செய்திருந்தாள். தேவராஜா தொலைபேசியில், "பாதை சரியில்லையம்மா, கொஞ்சம் பொறுங்கோ" என்று மறித்துவிட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால் கமலினி சொன்னாள்: "அம்மாவைச் சாகக் குடுத்தது நீங்கள்தான்."

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கோயிலில் கண்டாலும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் தேவராஜாவின் கழுத்தில் கட்டி வந்தது. லிம்போமா என்றார்கள், நிணநீர்ப் புற்றுநோய். கீமோவோடு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோயின்மேல் ஏவிவிடும் ஒரு மருந்தையும் நரம்பு வழியாக ஏற்றினார்கள். கட்டி கரைந்தது. வருடம் திரும்பமுன் மறுபடி வந்தது. அதே மருந்துகளை இன்னும் கடுமையாகக் கொடுத்து அடக்கினார்கள். ஆனால் இது நிலைக்காது, இரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லை வேறொருவரிடமிருந்து எடுத்து ஏற்றினால்தான் வழி என்று டொக்டர் சொல்லிவிட்டார். உடன்பிறப்பின் செல் பொருந்த வாய்ப்பு அதிகம்.

தேவராஜாவின் மனைவி புஷ்பராணி, கமலினி வேலை முடித்து வெளியே வரும்வரை முதியோர் இல்லத்து வாசலில் காத்து நின்றாள்.

"உங்களட்டக் கேக்க எனக்கு முகமில்லை கமலினி. ரத்தம் ஒருக்காச் சோதிச்சுப் பாப்பியளோ?"

"அண்ணா கேக்கச் சொன்னவரோ?"

"இல்லை. கேக்கவே கூடாதெண்டவர்."

அந்தக் கணத்தில் கமலினியின் மனதில் முதலில் வந்தது இரக்கமல்ல. 'இப்ப தெரியுதோ?' என்ற நினைப்புத்தான். கண்மூடித் திறப்பதற்குள் அது போய்விட்டது. "ஓம் மச்சாள், எப்ப வரவேணும்?" என்று கேட்டாள். ஆனால் அந்த நினைப்பு தனக்குள் வந்தது அவளுக்குத் தெரியும்.

சோதனையில் எல்லாம் பொருந்தியது. செல்கள் பெருகுவதற்கு வயிற்றில் ஊசி போட்டார்கள். இடுப்பு எலும்பும் நெஞ்செலும்பும் உள்ளுக்குள் இடித்தது போல நொந்தன. பிறகு ஒரு கையால் இரத்தத்தை எடுத்து, மெஷினில் பிரித்து, மறு கையால் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் பைக்குள் சேர்ந்திருந்தது தக்காளி சூப்பின் நிறத்தில் இருந்தது.

தனியறையில் தலைமயிர் இல்லாமல் கிடந்தார் தேவராஜா. மாஸ்க்கோடு உள்ளே போன தங்கையைப் பார்த்து, "உனக்கு நோகுதோ?" என்று கேட்டார். அம்மாவின் அந்தியேட்டிக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"இல்லை அண்ணா" என்று பொய் சொன்னாள்.

ஏற்றிய செல்கள் அவருடைய உடம்பில் பிடித்துக்கொண்டன. "இனி அவரின்ர ரத்தக் குறூப்பும் உங்கடதுதானாம்" என்று புஷ்பராணி அழுதழுது சிரித்தாள். சில வாரங்களில் தேவராஜாவின் உள்ளங்கை சிவந்தது. பிறகு முதுகு. தோல் உரியத் தொடங்கியது. வயிற்றோட்டம் நிற்கவில்லை.

"இது பழைய நோயில்லை" என்றார் டொக்டர். வெள்ளைக்காரப் பெண், நிதானமாகப் பேசுகிறவர். "உங்கள் செல்கள் அவருடைய உடம்பை அந்நியமாக நினைத்துத் தாக்குகின்றன."

உங்கள் செல்கள். கமலினிக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் பரமட்டாவரை போய்விட்டாள். பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. ஸ்டீரொய்டைக் கூட்டியும் அண்ணனுக்கு அடங்கவில்லை என்று கேள்விப்பட்டாள்.

"ஏன் வாறேல்லை?" என்று புஷ்பராணி போனில் சத்தம் போட்டாள்.

"என்ர ரத்தம்தான் அவரை உரிக்குது மச்சாள். நான் என்னெண்டு வந்து முகத்தைக் காட்டுறது?"

கடைசியில் போனாள். முதலில் டொக்டரிடம், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கோபமாக இருந்தவள் கொடுத்தால் இப்படி நடக்குமா என்று கேட்டாள். டொக்டர் சிரிக்கவில்லை. செல்களுக்குச் சண்டை சச்சரவு தெரியாது என்றார். உயிருக்குயிரான உடன்பிறப்பு கொடுத்தாலும் இது நடக்கும். தோலைத் தாக்கும் அதே செல்கள்தான் மிச்சமிருக்கும் புற்றுநோயையும் தேடிக் கொல்கின்றன என்றும் சொன்னார். கமலினிக்கு விளங்கியது. ஆனால் விளங்கியதால் நெஞ்சுப் பாரம் இறங்கவில்லை.

அண்ணனின் கட்டிலருகே போய் நின்றாள்.

"அண்ணா, மச்சாள் வந்து ரத்தம் கேட்ட அண்டைக்கு 'இப்ப தெரியுதோ'ண்டு நினைச்சனான். அந்த மனசோடதான் குடுத்தன்."

தேவராஜா அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். உதடு வெடித்திருந்தது.

"அம்மா அந்த வாகனத்தில ஏறுறதுக்கு உடுப்பெல்லாம் கட்டி வச்சவ, கமலி. நான்தான் மறிச்சனான். நீ ஒருக்காத்தான் சொன்னனீ. நான் தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தனான். புற்றுநோய் எண்டு வருத்தம் வந்தபோது, சரியான தண்டனை எண்டு நினைச்சன். அதாலதான் உன்னட்டக் கேக்க வேண்டாமெண்டது."

'உங்களில பிழையில்லை அண்ணா' என்று அவள் சொல்லியிருக்கலாம். அவர் அதைத்தான் எதிர்பார்த்தாரோ என்னவோ. வாய்வரை வந்தும் அவளால் சொல்ல முடியவில்லை. கையுறையைப் போட்டுக்கொண்டு, மேசையில் இருந்த களிம்பை எடுத்து அவருடைய கைகளில் மெதுவாகப் பூசினாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மருந்தை மாற்றினார்கள். செல்களின் தாக்குதல் மெல்ல மெல்ல அடங்கியது. 2013இல் எடுத்த ஸ்கேனில் நோயின் அடையாளம் எதுவும் இல்லை. ஆனால் தோல் இறுகி முழங்கை முழுதாக நீட்ட வராது. கண்ணில் நீர் சுரக்காது, சொட்டு மருந்து விடவேண்டும். வெயில் ஆகாது. ஓட்டிக்கொண்டிருந்த டாக்ஸியை விட்டுவிட்டார். பழைய எதிர்ப்புச் சக்தி அழிந்துபோனதால் பச்சைக் குழந்தைக்குப் போடுகிற தடுப்பூசிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டார்கள். அதற்குக் கூட்டிப் போனதெல்லாம் கமலினிதான்.

"அண்ணனுக்கு உயிர் குடுத்த தங்கச்சி" என்று சனம் புகழ்ந்தால், அவள் ஏதாவது சாட்டுச் சொல்லி எழுந்து போய்விடுவாள்.

ஒருநாள் ஊசி போட்டுவிட்டுத் திரும்பும்போது, ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் நிற்பாட்டச் சொல்லித் தேவராஜா ஜிலேபி வாங்கினார். காருக்குள் ஒன்றைப் பிய்த்து அவளுக்கு நீட்டினார். பழுப்பேறி இறுகிப்போன அந்த விரல்களைப் பார்த்தபடியே வாங்கித் தின்றாள்.

"இனிப்புக் கூடிப்போச்சு" என்றார் அவர்.

"ஓம்" என்றாள். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவாள் போலிருந்தது. காரை எடுத்தாள்.