திக்கிய எழுத்துகளை வரைந்த அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர் பலருக்கு அவர் அதிகம் பேசாதவர் என்றுதான் தெரியும். உண்மையில் அவருக்குப் பேச நிறைய இருந்தது. சொற்கள்தாம் திக்கித் திக்கி வந்தன.

மலேசியாவில், கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், குலை வெட்டும் தொழிலாளியின் மூத்த மகளாகப் பிறந்தார். தமிழ்ப்பள்ளியில் வாசிக்க எழுந்தால் முதல் எழுத்திலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும், வகுப்பு சிரிக்கும். அப்பா டவுனிலிருந்து சித்திரக்கதைகள் வாங்கி வருவார். அவற்றில் பிள்ளைகள் திருடனைத் துரத்துவார்கள், காட்டில் தொலைந்து தப்புவார்கள்.

“இதுல ஒருத்தருமே தி... திக்கலியே” என்றார் அக்கா ஒரு நாள். அன்றே கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தம் முதல் சித்திரக்கதைக் கட்டத்தை வரைந்தார்.

பள்ளியில் படிவம் ஐந்து முடிந்ததும் ரவாங்கில் தொழிற்சாலை வேலை. சுங்கை சோவில் என்னோடு வாடகை வீடு. ஷிப்ட் இல்லாத நாள்களில் ஒரு சிறுமியின் கதையை வரைந்தார். அவள் திக்கும் எழுத்து கட்டம் முழுக்கப் பெரிதாக நின்று அவளை மூலைக்குத் தள்ளும். ஒரு பக்கத்தில், கடைக்காரரிடம் அவள் வாய் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டு பேசிவிடுகிறாள். அந்தத் தங்கை நான்.

“நான் உதவிதானக்கா செஞ்சேன்?”

“உ... உதவிதான். ஆனா நான் சொல்ல வந்தது வேற.”

அக்கா கதையை அனுப்பியிருந்த ஒரு பதிப்பாளர் போனில் அழைத்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார். கடைசிப் பக்கத்தில் சிறுமி பேச்சுப்போட்டியில் தங்குதடையின்றிப் பேசிப் பரிசு வாங்கினால் புத்தகத்தைப் போடலாம் என்றார் அவர். அக்காவுக்குச் சொல் வரவில்லை. “ஹலோ, இருக்கீங்களா?” என்றது குரல். நான் போனுக்குக் கை நீட்டினேன். அக்கா தலையசைத்துத் தடுத்தார்.

“அ... அவ கடைசிவரைக்கும் தி... திக்குவா சார். ஆனா பேசி மு... முடிப்பா. மாத்த மாட்டேன்.”

புத்தகம் அந்தப் பதிப்பகத்தில் வரவில்லை. தொழிற்சாலைத் தோழிகள் இருவரின் துணையோடு அவரே அச்சிட்டார். கோலா குபு பாருவில் ஒரு பள்ளிக்கு எடுத்துச் சென்று பிள்ளைகள் முன் வாசித்தார். யாரோ சிரித்தார்கள். அக்கா நிறுத்தி, மூச்சு வாங்கி, அதே சொல்லை மறுபடி தொடங்கி முடித்தார். கதை முடியும்வரை ஒரு பிள்ளையும் எழுந்து போகவில்லை.

புற்றுநோய் வந்த பிறகும் இரண்டாவது புத்தகத்தை விடவில்லை. கை வீங்கிக் கோடுகள் கோணின. “அப்படியே இருக்கட்டும்லா” என்றார். அவர் மறைந்தபோது பதினோரு பக்கங்கள் மீதம் இருந்தன. வேறு ஓவியரைக் கொண்டு நிரப்பலாம் என்று சிலர் அன்போடு சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. அவர் வரைந்தவரைக்கும் அச்சாகிறது.

சிகிச்சைக்கு வண்டி ஓட்டிய அத்தை மகனுக்கும், தினமும் கஞ்சி கொண்டு வந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், இறுதிக் காரியங்களை எடுத்துச் செய்த பெரியப்பாவுக்கும், அந்த இரு தோழியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்கா ஒரு வாக்கியத்தைத் தொடங்கியபோது, குறுக்கே பேசாமல், அவர் முடிக்கும்வரை காத்திருந்த ஒவ்வொருவருக்கும் தங்கையாக என் தனிப்பட்ட நன்றி. உங்களைப் பார்த்துத்தான் நான் காத்திருக்கக் கற்றுக்கொண்டேன்.