பதினொரு மணித்தியாலம் தாங்கிய பை

எண்பத்தாறாம் ஆண்டு. கொழும்பில் தங்கையின் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பகல் பஸ்ஸில் பருத்தித்துறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். புறப்படும்போது தங்கை வற்புறுத்தி இரண்டு கோப்பை தேநீர் தந்திருந்தாள். பஸ் நின்ற இடங்களிலெல்லாம் ஆண்கள் பற்றைப் பக்கம் போய்வந்தார்கள். பெண்கள் ஒருவரும் எழும்பவில்லை. எல்லாரும் பார்ப்பார்கள் என்ற வெட்கம் பாதி, சோதனைச் சாவடியில் துவக்கோடு நின்ற ஆமிக்காரர் மீதான பயம் பாதி. முதலில் அடிவயிறு முட்டியது, பிறகு வலித்தது. மதியத்துக்குப் பின் அந்த உணர்வே மரத்துப்போனது.

பதினொரு மணித்தியாலம் கழித்து வீடு வந்து சேர்ந்தேன். நேரே கக்கூசுக்கு ஓடினேன். ஒரு சொட்டும் வரவில்லை. அடிவயிறு தேங்காய் மாதிரி இறுகிக் கிடந்தது.

"இஞ்சாரும், என்ன முகம் வெளிறிக் கிடக்கு?" என்றார் கணவர்.

உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பிப்பவள் நான். இருந்தும் அவரிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கடைசியில் அழுதபடி சொல்லி முடித்ததும், அவர் அயல்வீட்டுக் காரை மறித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கிருந்த தாதி மிஸ்ஸி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எத்தினை மணித்தியாலம் அடக்கினனீங்கள், ரீச்சர்?" நான் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "பஸ்ஸிலை வாற எங்கடை பொம்பிளையள் எல்லாருக்கும் இதே கதைதான்" என்று சொல்லி, சிறுநீர் வெளியேற ரியூப்பைப் போட்டு, கொஞ்சம் வடியவிட்டு, நிறுத்தி, மறுபடி கொஞ்சம் வடியவிட்டார். ஒரு சட்டி நிரம்பி, அடுத்ததும் நிரம்பியது. எனக்குள் இவ்வளவும் இருந்ததா?

மறுநாள் காலை வந்த டொக்டர் என்னைவிட வயது குறைந்த பெண். சிறுநீர்ப்பை இழுபட்டுப் பழுதாகிவிட்டதோ என்று கேட்டேன்.

"ரப்பர் பலூன் மாதிரி நினைக்கிறியள். அது அப்பிடியில்லை. வெறுமையா இருக்கேக்கை உள்தோல் மடிஞ்சு கிடக்கும். நிரம்ப நிரம்ப மடிப்பு விரியும். பிறகு மேல்வரிசை உயிர்க்கலங்கள் தட்டையாகும். அதுவும் காணாட்டி, கலத்துக்குள்ளை சின்னச் சின்னப் பையளா வச்சிருக்கிற சவ்வை எடுத்துக் கலத்தின்ரை மேற்பரப்பிலை சேர்த்து அகலமாக்கும். ஒரு சொட்டு உள்ளை ஊற விடாது."

"மூத்திரம் போனாப் பிறகு?"

"சேர்த்த சவ்வைத் திரும்ப உள்ளை இழுத்து வச்சிடும்."

"ஒவ்வொரு முறையுமோ?"

"ஓம், ஒவ்வொரு முறையும்."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் அடிவயிற்றில் கையை வைத்தபடி கிடந்தேன். நான் வெட்கத்தில் உறைந்திருந்த நேரமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கலங்கள் எனக்காக விரிந்துகொண்டிருந்திருக்கின்றன. வகுப்பில் இந்தப் பையை 'சிறுநீரைச் சேமிக்கும் உறுப்பு' என்று ஒற்றை வரியில் கடந்துபோய்க்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ரியூப்பை எடுத்தார்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் மூத்திரம் வரும் என்று மிஸ்ஸி கக்கூசுக் குழாயைத் திறந்துவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றார்.

"வருதோ, ரீச்சர்?"

"வருது, மிஸ்ஸி!"

இருவரும் சத்தமாகச் சிரித்தோம்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய அன்று ஆய்வுகூட அலுமாரியைக் கிளறி, சிறுநீர்ப்பையின் உள்தோல் வெட்டு ஒட்டிய கண்ணாடித் தகட்டைக் கண்டுபிடித்தேன். நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது, மேல்வரிசைக் கலங்கள் உப்பிய தலையணைகள் போல அருகருகே கிடந்தன. பாடமணி அடித்தும் எழும்ப மனம் வரவில்லை. அந்தத் தகட்டை மற்றவற்றோடு போடாமல் ஒரு மெல்லிய துணியில் தனியே சுற்றி வைத்தேன்.