மறுமுனையைப் பிடித்தவர்கள்

சுவிஸ் பிரசையாகிப் பல வருடங்கள் நான் போட்ட வாக்குகளில் ஒன்றுகூட எண்ணப்படவில்லை. இதில் சதி எதுவும் கிடையாது. தபாலில் வாக்களிக்கிறவர் வாக்குரிமை அட்டையில் கையெழுத்து வைக்க வேண்டும், நான் வைக்கவில்லை. அவ்வளவுதான். மக்கள் தீர்ப்பு, மக்கள் ஆணை என்று டீட்டிகோன் முதல் லுசேர்ண் வரை மண்டபம் மண்டபமாக மைக் பிடித்தவன், கிரேக்கர்கள் எப்படி வாக்களித்தார்கள் என்று புத்தகம் புத்தகமாக வாசித்தவன், தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்த அந்த ஒரு வரியை மட்டும் வாசிக்கவில்லை. நீச்சல்குளத்துக்குக் கூரை போடலாமா, பள்ளிக்கூடத்தைப் பெரிதாக்கலாமா என்று இந்த நாடு என்னிடம் பணிவோடு கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் நெற்றியைச் சுருக்கி யோசித்துப் பதில் எழுதினேன். பதில் நேரே செல்லாத வாக்குகளின் கட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த வாரமும் வாக்குச்சீட்டுகளோடு அந்தத் தடித்த உறை வந்திருக்கிறது. இப்போதெல்லாம் பிரித்த கையோடு கையெழுத்தை வைத்துவிடுகிறேன். எதற்கு வாக்களிக்கிறோம் என்பதைப் பிறகு ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம். உறையின் பசையை நாக்கால் தடவும்போது மட்டும் எங்கிருந்தோ ஈரத் துணியின் வாசம் வருகிறது. பசைக்கும் ஈரத் துணிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தச் சம்பந்தத்தின் பெயர் சுரைன் சிங்.

ஷ்லீரன் என்ற ஊரில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் இருந்தவர். எங்கள் பகுதிச் சங்கத்தின் தலைவர். இரண்டு மாரிக்கு முன் காலமானார். தமிழர்களுக்கு அவர் சிங் அண்ணை.

சீக்கியர் தலைப்பாகை கட்டுவது உங்களுக்குத் தெரியும். கட்டுவதற்கு முன் அந்த நீளத் துணியை இழுத்து மடிக்க இரண்டு பேர் வேண்டும் என்பது தெரியுமோ என்னவோ. ஒருவர் ஒரு முனையைப் பிடிக்க, மற்றவர் மறுமுனையைப் பிடித்து, கயிறிழுப்புப் போட்டிக்கு நிற்பதுபோல நின்று இழுக்க வேண்டும். வீட்டுக்குள் அவ்வளவு நீளத்துக்கு இடமில்லை. ஆகவே சனிக்கிழமை காலைகளில் நிலவறையில், துணி துவைக்கும் அறைக்கு வெளியே உள்ள நடையில், சிங் அண்ணை ஈரத் தலைப்பாகையோடு நிற்பார். உடுப்புக் கூடையோடு யார் வந்தாலும் மறுமுனையைக் கையில் கொடுத்துவிடுவார். பிடித்தவர் பிடித்தவர்தான். விட்டால் துணி நிலத்தில் விழும். ஒரு மனிதனின் தலைப்பாகையை நிலத்தில் போட யாருக்கு மனம் வரும்? அப்படி அசைய முடியாமல் நிற்கும்போதுதான் அவர் கதையை ஆரம்பிப்பார். பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் பாதசாரிக் கடவை வேண்டும், விளையாட்டு முற்றத்துக்கு நிழல் வேண்டும். துணி மடிந்து முடியும்போது நீங்கள் ஏதோ ஒன்றுக்கு ஓம் சொல்லியிருப்பீர்கள். எங்கள் பகுதியில் இன்றைக்கு இருக்கிற நல்ல காரியங்கள் பலவும் அந்த நடையில் நீலத் துணியின் இரண்டு முனைகளுக்கு நடுவே தீர்மானமானவை.

என் கையெழுத்து விவகாரம் அம்பலமானதும் அங்கேதான். என் சட்டைப்பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வாக்கு உறையைப் பார்த்தார். அதன் கண்ணாடித்தாள் வழியாக, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறுமை தெரிந்தது.

"மச்சான், கையெழுத்து எங்கை?"

"என்ன கையெழுத்து?"

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். துணியை விடாமல், ஒரு மரணச் செய்தியைக் கேட்டவர் மாதிரி என்னைப் பார்த்தார். "எத்தினை வருசமாய்?" என்று மட்டும் கேட்டார். நான் மறுமுனையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

ஒரு பஞ்சாபிக்கு யாழ்ப்பாணத் தமிழ் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். இருவரும் இளந்தாரிகளாக லுசேர்ணில் ஒரு ஹோட்டல் சமையலறையில் ஒன்றாகச் சட்டி கழுவினோம். அங்கே கழுவுகிறவர், வெட்டுகிறவர், தூக்குகிறவர் எல்லோரும் எங்கள் ஆட்கள். ஜெர்மன் படிப்பதைவிடத் தமிழ் படிப்பது இலாபம் என்று அவர் கண்டுகொண்டார். ஆனால் அது சமையலறைத் தமிழ். அதில் இருந்தது முழுக்கக் கட்டளைகள்: கழுவு, தூக்கு, கெதியா வா, சட்டி கருகுது. மரியாதைச் சொற்கள் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. எல்லோரையும் மச்சான் என்றுதான் அழைக்க வேண்டும் என்று அவர் நினைத்துவிட்டார். என் மாமியார் ஊரிலிருந்து வந்தபோது, கைகூப்பி, மிகுந்த பணிவோடு, "என்ன மச்சான், சுகமோ?" என்று கேட்டார். கோயில் ஐயரும் மச்சான்தான். ஐயர் அதைப் பற்றி ஒருமுறை என்னிடம் குறைப்பட்டார். அடுத்த திருவிழாவுக்கு வாகனத் தரிப்பிட அனுமதியைச் சிங் அண்ணை வாங்கிக் கொடுத்த பிறகு அவரும் மச்சான் என்றே பதில் சொல்லத் தொடங்கினார்.

சட்டி கழுவியபடிதான் ஒருவருக்கொருவர் ஊர்க் கதை சொன்னோம். எங்களுக்கு ஒரு ஜூலை இருந்தது, கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்த ஜூலை. அவருக்கு ஒரு நவம்பர் இருந்தது, டில்லியில் சீக்கியரைத் தேடித் தேடிக் கொளுத்திய நவம்பர். அவருடைய தமையன் அதற்குப் பிறகு வீடு திரும்பவில்லை. இதை அவர் ஒருமுறைதான் சொன்னார். நானும் ஒருமுறைதான் கேட்டேன். பிறகு அடுத்த சட்டியை எடுத்தோம்.

பின்னாளில் கோடைச் சனிக்கிழமைகளில் ஷ்லீரன் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு மடிப்பு மேசை போடுவார். மேசையில் ஒரு பலகை. சீக்கியர்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே வாக்களித்துத் தீர்மானிக்க விடுங்கள் என்று அதில் ஜெர்மனில் எழுதியிருக்கும். ஒருநாள் ஒரு பொடியன் வந்து மேசையடியில் நின்று துவக்கெடுத்துச் சண்டை போட்டவர்களின் பெருமை கதைத்தான். சிங் அண்ணை அவனை அங்கிருந்து போகச் சொன்னார். "துவக்குக்குப் பதில் சொல்லத்தான் தெரியும். கேக்கத் தெரியாது" என்றார். அவருக்கு வேண்டியது கேட்பதுதான். நீச்சல்குளத்துக் கூரைக்கே மூன்று தரம் யோசித்து மக்களிடம் கேட்கிற நாட்டில் வாழ்ந்தவருக்கு, ஒரு மக்கள் கூட்டத்திடம் அதன் தலைவிதியைப் பற்றி யாரும் ஒருமுறையேனும் கேட்கவில்லை என்பது விளங்கவே இல்லை. எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை. இதில் நான் நடுநிலைக்காரன் அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். தனியே வாழ்வதா சேர்ந்து வாழ்வதா என்பதை அந்த மக்கள்தான் சொல்ல வேண்டும், அதைச் சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது என்று நம்புகிறவன். அந்த மேசையில் அவருக்குப் பக்கத்திலும் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன்.

தனி நாடு வேண்டுமா என்று கேட்கும் மாதிரி வாக்குச்சீட்டை அச்சிட்டபோது அவருடைய ஆட்களில் சிலர் 'ஆம்' பெட்டியைப் பெரிதாகவும் 'இல்லை' பெட்டியைச் சின்னதாகவும் போட்டுக்கொண்டு வந்தார்கள். சிங் அண்ணை கட்டு முழுவதையும் பழைய கடதாசிக் குப்பைக்குள் போட்டுவிட்டார். "இல்லை எண்டு சொல்ல ஏலாட்டி, ஓம் எண்டு சொன்னதுக்கு என்ன பெறுமதி?" என்று கேட்டார். இரண்டு பெட்டிகளையும் அடிமட்டம் வைத்து அளந்த பிறகே அடுத்த கட்டு அச்சுக்குப் போனது.

அவர் செத்த பிறகு நினைவுக்கூட்டத்தை நான் பொறுப்பேற்றேன். யாரும் கேட்கவில்லை, நானே ஏற்றேன். மண்டபமும் மைக்கும் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வேகம் வந்துவிடும். ஆளுயரப் படம், படத்துக்கு ரோசா மாலை, பித்தளைக் குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, கருத்துரை, நன்றியுரை என்று நிகழ்ச்சிநிரலோடு அவர் மகள் ஜஸ்லீனிடம் போனேன். என் மகளோடு ஒரே படிக்கட்டில் வளர்ந்ததில் எங்கள் தமிழ் அவளுக்கும் தொற்றியிருந்தது. படத்தையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்கிள், நாங்கள் குருவின்ர புத்தகத்துக்கு முன்னாலை மட்டும்தான் குனிவம். அப்பான்ர படத்தை ஆரும் கும்பிட்டா, அவர் எழும்பி வந்து சண்டை பிடிப்பார்."

மாலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் வரவேற்பறையில் அது வாடும்வரை கிடந்தது. என் படத்துக்குப் போடச் சொல்லி மனைவி சிபாரிசு செய்தாள்.

ஜஸ்லீனுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அப்பா வருடக்கணக்காக மேசை போட்டுக் கேட்ட அந்தக் கேள்விக்கு, அவருடைய சங்கத்து மண்டபத்திலேயே, முறையான வாக்கெடுப்பு. சுவிசில் உள்ள சீக்கியர்கள் வந்து சீட்டில் குறியிட வேண்டும். அதுதான் அஞ்சலி. பேச்சு வேண்டாம்.

மண்டபம் சுலபமாகக் கிடைக்கவில்லை. தொடர்மாடிக் காவலாளர் ஹெர் கேஸர் எதிர்த்தார். அவர் சங்கத்தின் பொருளாளரும்கூட. இந்த மண்டபம் பழம்பொருள் சந்தைக்கும் பாலாடைக்கட்டி விருந்துக்கும் உள்ளது, வெளிநாட்டு அரசியலுக்கு இல்லை என்றார். நிர்வாகக்குழு இரண்டுபட்டு நின்றது. இந்த நாட்டில் நிர்வாகக்குழு இரண்டுபட்டால் என்ன செய்வார்கள்? அங்கத்தவரிடம் கேட்பார்கள். சீக்கியர்கள் வாக்களிக்கலாமா என்பதை ஷ்லீரன்காரர்கள் வாக்களித்துத் தீர்மானிக்கப் பொதுக்கூட்டம் கூடியது.

எனக்குப் பேச நேரம் தந்தார்கள். நான் கிரேக்கத்திலிருந்து தொடங்கினேன். ரோமாபுரியை அடைவதற்குள் பின்வரிசையில் ஒருவர் மேலங்கியைப் போடத் தொடங்கிவிட்டார். ஜஸ்லீன் என்னைப் பார்த்த பார்வையில் கடதாசியை மடித்து வைத்தேன். பிறகு என் அரைகுறை ஜெர்மனில் சொன்னது இவ்வளவுதான்: சுரைன் சிங் உங்கள் எல்லோரிடமும் கேட்டார். பாதசாரிக் கடவைக்குக் கேட்டார், நிழலுக்குக் கேட்டார். தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. தன் ஆட்களையும் யாராவது கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஹெர் கேஸர் எழுந்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

"அந்தச் சீட்டிலை 'இல்லை' எண்ட பெட்டி இருக்கோ?" என்று ஜெர்மனில் கேட்டார்.

ஜஸ்லீன் சீட்டைத் தூக்கிக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். இரண்டு பெட்டியையும் விரலால் அளந்தும் பார்த்தார்.

"ஒரே அளவு. அப்ப இது வாக்கெடுப்பு. வாக்கெடுப்பு எண்டால் எங்கடை மண்டபத்திலை வைக்கலாம்."

சொல்லிவிட்டு முதல் கையை அவரே உயர்த்தினார். அதன் பிறகு உயர்ந்த கைகளைப் பார்த்தபோது ஒன்று கவனித்தேன். மூன்றாம் மாடி இத்தாலியக் கிழவி, போர்த்துக்கீசத் தம்பதி, தபால்காரர் எல்லோருமே ஏதோ ஒரு சனிக்கிழமை அந்த நடையில் துணியின் மறுமுனையைப் பிடித்து நின்றவர்கள். எதிர்த்துக் கை உயர்த்தியவர்கள் மிகச் சிலர். அவர்கள் உடுப்பு உலர்த்தி சொந்தமாக வைத்திருப்பவர்கள் என்று பிறகு விசாரித்து அறிந்தேன்.

வாக்கெடுப்பு நாள் இளவேனில் ஞாயிறு. ஷ்லீரன் ஸ்டேஷனில் வந்து நின்ற ஒவ்வொரு ரயிலிலிருந்தும் காவி, நீலம், மஞ்சள், வெள்ளை என்று தலைப்பாகைகள் இறங்கின. பேர்ணிலிருந்து வந்தார்கள், பாசலிலிருந்து வந்தார்கள். சக்கர நாற்காலியில் ஒரு முதியவரை இரண்டு பேரர்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வரிசை மண்டபத்தைச் சுற்றிப் பாதசாரிக் கடவை வரைக்கும் போனது; கடவை இருந்ததால் பஸ் சாரதியும் மரியாதையாக நின்றார். சிங் அண்ணையின் கடவை அல்லவா.

வாக்கு எண்ணுகிறவருக்கு அந்த வாக்கில் பங்கு இருக்கக்கூடாது என்பது சிங் அண்ணை சங்கத்தில் வைத்த சட்டம். ஆகவே ஹெர் கேஸரும், இத்தாலியக் கிழவியும், நானும் எண்ணினோம். லங்கர் என்ற பொதுப்பந்திச் சாப்பாட்டுக்கு எல்லோரும் நிலத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தலையை மூட வேண்டும் என்பதால் ஹெர் கேஸர் ஒரு செம்மஞ்சள் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு ரொட்டி கிழித்தார். எங்கள் ஆட்கள் சமைத்த பருப்பில் மிளகாய்த்தூள் கூடிவிட்டது. பஞ்சாபிகள் அதைச் சாப்பிட்டுவிட்டு எங்களைப் புது மரியாதையோடு பார்த்தார்கள்.

முடிவை ஹெர் கேஸர் வாசித்தார். 'இல்லை' வாக்குகளும் கொஞ்சம் இருந்தன. அவற்றையும் அதே குரலில், அதே நிதானத்தில் வாசித்தார். யாரும் கூச்சலிடவில்லை. 'ஆம்' அவற்றை எங்கோ பின்னால் விட்டுவிட்டிருந்தது. அதைச் சொன்னதும் மண்டபம் எழுந்தது. "போலே சோ நிஹால்" என்று ஒரு குரல் அழைக்க, "சத் ஸ்ரீ அகால்" என்று அத்தனை பேரும் பதில் கொடுத்தார்கள். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பருப்பு அண்டாவின் ஆவி அவ்வளவு தூரம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த முடிவு எந்த நாட்டின் வரைபடத்தையும் அசைக்கவில்லை. எந்தத் தலைநகரிலும் யாரும் தூக்கம் கெடவில்லை. ஆனால் பிறந்த மண்ணில் கேட்கப்படாத கேள்வி ஒன்று ஷ்லீரனில் ஒழுங்காகக் கேட்கப்பட்டது. வரிசையில் நின்று மனிதர்கள் பதில் சொன்னார்கள். கேட்டால் பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. இனி அதைத் தெரியாத மாதிரி யாரும் நடிக்க முடியாது.

இப்போது எங்கள் தொடர்மாடியைத் திருத்திக் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு துவைக்கும் இயந்திரமும் உலர்த்தியும் வந்துவிட்டன. நிலவறை நடையில் சைக்கிள்கள் நிற்கின்றன. யாரும் யாருக்காகவும் அங்கே நிற்பதில்லை. ஸ்டேஷனில் மேசை இருந்த இடத்தில் காப்பி விற்கும் இயந்திரம் ஒன்று. அது எதையும் கேட்பதில்லை, சீனி வேண்டுமா என்பதைத் தவிர. கோயில் ஐயர் மறுபடி ஐயராகிவிட்டார். என்னை மச்சான் என்று கூப்பிட ஷ்லீரனில் இனி ஆள் இல்லை.

வாக்கெடுப்பு நாளின் பின்னேரம், மண்டபச் சமையலறையில் அண்டா கழுவிக்கொண்டிருந்தோம். சிங் அண்ணையின் மனைவி மஞ்சீத் அக்கா துடைத்து அடுக்கினார். நான் பக்கத்தில் நின்று, இப்படி ஒரு மனிதர், மக்களைக் கேள், மக்களைக் கேள் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனிதர் என்று உருகிக்கொண்டிருந்தேன். அக்கா கையை நிறுத்தாமல் பஞ்சாபியில் ஏதோ சொன்னார். ஜஸ்லீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள்:

"ஓம், எல்லாரையும் கேக்கச் சொன்னவர்தான். லுசேர்ணை விட்டு இஞ்ச வரேக்க என்னட்டை ஒரு வார்த்தை கேட்டவரோ எண்டு அம்மா கேக்கிறா."