மதினியின் ஒன்பது ஜப்பான் கோலிகள்

முதல் கோலியை மதினி என் உள்ளங்கையில் வைத்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவு நேரம் முந்தானையில் முடிந்து வைத்திருந்திருக்கிறார். தெளிந்த கண்ணாடி, உள்ளே ஒரு நீல இதழும் ஒரு வெள்ளை இதழும் முறுக்கிக்கொண்டு நின்றன. வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடியில் லேசாகப் பச்சை தெரிந்தது. பழைய ஜப்பான் சரக்குக்கு அது ஓர் அடையாளம். கொடைக்கானலில் மூடிக்கிடக்கும் பங்களாக்களைக் காலி செய்யும்போதும், காயலான் கடைச் சாக்குகளிலும் பதினைந்து வருடம் தேடி நான் சேர்த்தவை இருநூறு இருக்கும். அவற்றில் ஒன்றுகூட இப்படி இல்லை. என் அண்ணன் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ஒரு பெட்டியோடு என் வீட்டில் தங்க வந்தவர், வாசலைத் தாண்டியதும் செய்த முதல் வேலை இதுதான்.

மதினி சிலோன் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்று சொல்லும் கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்தவர். பத்து வயதில் குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய அப்பா தோட்டத்துக் கடையில் வாங்கித் தந்த கோலிகள் ஒன்பது. யாரும் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்து, பாவாடை ஓரத்தைப் பிரித்து, அவற்றை உள்ளே வைத்துத் தானே தைத்துக்கொண்டாராம். "நடக்கையில கரண்டைக்கால்ல டொக்கு டொக்குன்னு இடிக்கும் தம்பி. ராமேஸ்வரம் வர்ற வரைக்கும் நான் ஓடவே இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். அந்தக் கதையை நான் காதில் வாங்கியது மிச்சம் எட்டு எங்கே என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும்தான்.

நான் கேட்டு வாங்கவில்லை. இதைச் சொல்லித்தான் ரொம்ப நாள் என்னை நானே நல்லவனாக்கிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லைதான். ஆனால் மூன்று நாள் மதினியின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தால் நாலாம் நாள் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோலி இருக்கும் என்பதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். பக்கத்துக் கிராமமான பேத்துப்பாறையில் சொந்தக்காரப் பெண்ணுக்குச் சடங்கு, போய்வர வேண்டும் என்பார். நான் பதில் சொல்லாமல் பேப்பர் படிப்பேன். ஒரு கோலி வரும். சுற்றுலா வருபவர்களுக்கு விடும் என் இரண்டு அறைகளையும் கூட்டித் துடைத்து, படுக்கை விரிப்பு துவைத்து, குளிக்க வெந்நீர் போட்டுக் கொடுத்ததெல்லாம் அவர்தான். "யாருங்க இவங்க?" என்று தங்க வந்தவர்கள் கேட்டால், "வேலைக்கு இருக்காங்க" என்பேன். அவர் காதில் விழும்படியே சொல்வேன். ஒன்றரை வருடத்தில் ஒன்பதும் என் அலமாரிக்கு வந்துவிட்டன.

அந்த ஜனவரியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரியவர் என் சேகரிப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. கோலி சேர்ப்பவர்கள் மத்தியில் அவர் சொன்னால் சொன்னதுதான். அன்று விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனி. கோலிகளை முட்டை அட்டைகளில் அடுக்கி ஜன்னலோரம் வைத்திருந்தேன், ராத்திரி முழுக்க அவை குளிரில் கிடந்தன. விருந்தாளி வருகிறாரே, தம்பியின் சாமான் பளபளப்பாக இருக்கட்டும் என்று மதினி வெள்ளனே எழுந்து, எல்லாவற்றையும் ஓர் அலுமினியச் சட்டியில் கொட்டி, குளிக்கக் கொதிக்க வைத்த வெந்நீரை அப்படியே ஊற்றிவிட்டார். கண்ணாடி டம்ளரைக்கூட அந்தக் குளிரில் பச்சைத்தண்ணீரால் அலசிவிட்டுத்தான் சூடு காட்டுவார். அன்றைக்கு அவசரம், ஆசை. பொரி பொரிவது போலச் சத்தம் கேட்டு நான் ஓடிவந்தேன். ஒன்றும் துண்டாகச் சிதறவில்லை. ஒவ்வொரு கோலிக்குள்ளும் நூறு விரிசல் ஓடி, உள்ளிருந்த இதழே தெரியவில்லை.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பெரியவர் வந்து உட்கார்ந்ததும் மதினியை அழைத்து, அந்தச் சட்டியைக் கையில் பிடித்தபடி அவர் முன்னால் நிற்கச் சொன்னேன். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "இதை நான்தான் கெடுத்தேன்" என்று சொல்லச் சொன்னேன். சொன்னார். இருபதோ முப்பதோ ஆனபிறகு பெரியவருக்கே பொறுக்கவில்லை. "விடுங்க சார், பாவம்" என்றார். அடுப்படி வாசலில் நின்ற என் மனைவி தலையைத் திருப்பிக்கொண்டாள். "லயத்துல கெடந்தவங்களுக்கு வீட்டுல எப்பிடி இருக்கணும்னு எங்க தெரியப்போவுது" என்றேன் நான். மதினி சட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். மத்தியானப் பஸ்ஸுக்குப் பேத்துப்பாறைக்குக் கிளம்பிவிட்டார். யாரும் தடுக்கவில்லை.

பெரியவர் போகும் முன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கண்ணாடியில் பச்சை தெரிந்த ஒன்பதை மட்டும் சட்டியிலிருந்து பொறுக்கித் தனியாக வைத்தார். "இது மட்டுந்தான் நெஜமான பழசு. மத்ததெல்லாம் பின்னாடி வந்த சரக்கு, உங்கள ஏமாத்தியிருக்காங்க" என்றார். பதினைந்து வருடத் தேடலில் என்னிடம் உண்மையாக இருந்தவை அந்தப் பெண்ணின் பாவாடையில் வந்தவை மட்டும்தான். அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறொரு யோசனை.

பத்தாவது ஒன்று இருந்தால்?

அந்த யோசனை என்னை இரண்டு மாதம் தூங்கவிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை எடுத்துக்கொண்டு பேத்துப்பாறைக்குப் போனேன். தான் தனியாக இருந்த ஒற்றை அறை வீட்டு வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார் மதினி. ஜீப்பைப் பார்த்ததும் எழுந்தவர் முகத்தில் தெரிந்ததை நான் தெரிந்தே பார்க்காதது போல இருந்தேன். வாங்க என்றார். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. உள்ளே போய், இரண்டே நிமிடத்தில் சேலை மாற்றி, துணிப்பையோடு வெளியே வந்து கதவைப் பூட்டினார். சாவியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையில் கொடுத்து, "எங் கொழுந்தன் கூப்புட வந்துருக்காரு தாயி. கோழிய மட்டும் பாத்துக்க" என்றார். ஜீப்பில் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் நான் கேட்டேன். "மதினி, அந்தக் கோலி... வேற ஏதும் மிச்சம் வச்சிருக்கீங்களா?"

"ஒம்பதுதான் தம்பி. எங்கய்யா ஒம்பதுதான் வாங்கித் தந்தாரு" என்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு தானாகவே இறங்கினார். ஏறுங்க மதினி என்று இரண்டே வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வந்திருப்பார். எனக்கு வாய் வரவில்லை என்று எழுதினால் அது பொய். கோலி இல்லை என்றதும் எனக்கு அவர் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

நான் வண்டியைத் திருப்புகையில் அவர் பக்கத்து வீட்டு வாசலில் சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"என்னக்கா, கூட்டிட்டுப் போகலையா?" என்றாள் அந்தப் பெண்.

"அவருக்கு அவசரச் சோலி ஒண்ணு கெடக்காம் தாயி. அடுத்த வாரம் வெரசா வந்து கூட்டிட்டுப் போறேன்னாரு."

நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை போகவும் இல்லை.