காசிமேட்டில் அரை நாள் துக்கம்

தலைவர் இறந்த மறுநாள் காலை, காசிமேட்டு மீனவர்கள் கடலுக்குப் போகாததைப் பற்றி எட்டு வரி எழுதி வரும்படி பத்திரிகை என்னை அனுப்பியது. போனார்களா இல்லையா என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் 'கடலும் அழுதது' என்ற தலைப்பை முன்பே அச்சுக்கோத்துவிட்டார்கள்.

நான் பக்கத்திலுள்ள இராயபுரத்துவாசி, விடியும்போதே போய்விட்டேன். கட்டுமரங்கள் மணலில் கிடந்தன. பக்கத்தில் ஆண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

குப்பத்தில் ஒருவர் இறந்தால் அன்று முழுவதும் எந்த மரமும் கடலில் இறங்காது. வெளியாள் சாவுக்கு அந்த வழக்கம் கிடையாது. தலைவர் குப்பத்து ஆளா, வெளியாளா என்பதுதான் சண்டை.

"அவரு இன்னா மாமு, நம்ம வலையில பங்கு கேட்ட ஆளா?" என்றான் ஓர் இளைஞன்.

"வாய மூட்ரா. ஒன் வூட்டுக் கூரை யாரால நிக்குதுன்னு ஒங்க நைனாவைப் போய்க் கேளு" என்றார் நாட்டாமை. அந்தக் கூட்டத்தில் பத்திரிகை படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் சொன்னது உண்மை. வெள்ளைக்காரன் காலத்தில், கிடங்கு கட்டுவதற்காகக் குப்பத்தை அப்புறப்படுத்த வந்தார்கள். தலைவர் மூன்று நாள் அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். விசாரணையில்லாமல் மனிதனைச் சிறையில் அடைக்கும் சட்டத்தை எதிர்த்து அங்கே அவர் பேசியதைக் கேட்டுத்தான் நான் கதர் உடுத்தத் தொடங்கினேன்.

சுதந்திரத்துக்குப் பின் அவர் ஆட்சிக்கு வந்தார். துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது அதே மாதிரிச் சட்டத்தில் கூலித் தொழிலாளிகளைப் பிடித்தார்கள். பிடிபட்டவர்களில் மூட்டை தூக்கும் ஒருவன் இந்தக் குப்பத்தான். சிறையில் காய்ச்சல் கண்டு செத்தான். உடல் வந்த அன்று எந்த மரமும் இறங்கவில்லை. எங்கள் பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. அப்போதும் நான் அங்கேதான் வேலையில் இருந்தேன்.

அவனுடைய தாய் மீன் விற்பவர். சண்டை முற்றியதும் நாட்டாமை அவரைக் கூப்பிட்டனுப்பினார். அந்த அம்மாள் காலிக் கூடையுடன் வந்து நின்றார்.

"நீயே சொல்லு. போலாமா, வாணாமா?"

"என்னை இன்னாத்துக்குக் கேக்குற அண்ணாத்த?"

"ஒன்னைக் கேக்காம யாரைக் கேக்கறது?"

அவர் கூடையைக் கீழே வைத்தார். "வூடு நிக்கிறது அவராலதான். வூட்ல புள்ள இல்லாததும் அவராலதான். எம்புள்ளைக்கு முழு நாளு நின்னீங்க. அவருக்கு மத்தியானம் வரிக்கும் நில்லுங்க. அப்பால மரத்தை எறக்குங்க."

"மத்தியானத்துல காத்து எதிர்ல அடிக்கும். மீனு கெடைக்காது ஆயா" என்றான் அந்த இளைஞன்.

"மீனுக்கா போச் சொன்னேன்?"

அம்மாள் என்னைப் பார்த்தார். "பேப்பர்ல போடு நைனா. அரை நாளுன்னு போடு. இன்னாத்துக்கு அரை நாளுன்னும் போடு. எம்புள்ளை செத்தப்போ நீங்க ஒண்ணும் போடல."

போடுகிறேன் என்றேன்.

பன்னிரண்டரை மணிக்கு மரங்கள் இறங்கின. அலை இரண்டு முறை அவற்றைத் திருப்பி அடித்தது. மூன்றாவது முறை தாண்டிப் போயின. எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். முதல் பக்கம் முழுவதும் கறுப்புக் கட்டம் கட்டியிருந்தார்கள். உதவி ஆசிரியர் எப்படியும் அடித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் சிறையில் இறந்த மகனையும் மதியம் மரங்கள் இறங்கியதையும் பற்றிய வரிகளை நானே அடித்தேன். அன்று எனக்கு அப்படித்தான் காரணம் தோன்றியது. தலைவர் இறந்த மறுநாள் அவரைப் பற்றி அந்த வரிகளைப் படிக்க நானே விரும்பவில்லை என்பதைப் பிற்பாடுதான் ஒப்புக்கொண்டேன்.

அடுத்த நாள் அந்த அம்மாள் ஆளனுப்பினார். பத்திரிகையோடு அவர் வீட்டுக்குப் போனேன். சுவரில் தலைவரின் படம் இருந்தது. மகன் செத்த பின்னும் அவர் அதைக் கழற்றவில்லை. வாசலில் நாட்டாமை நின்றுகொண்டிருந்தார்.

"படி" என்றார் அம்மாள்.

அச்சில் இருந்ததைப் படித்தேன். அது முடிந்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு, தாளைப் பார்த்துப் படிப்பதுபோலவே, நான் அடித்த வரிகளை மனப்பாடமாகச் சொன்னேன். சிறையில் இறந்த மகன், மதியம் இறங்கிய மரங்கள், எல்லாவற்றையும்.

"எந்த எடத்துல கீது?" என்றார் அம்மாள்.

என் விரல் கீழே நகர்ந்து, அன்று துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் பட்டியலில் நின்றது. அவர் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். தாளை நான்காக மடித்து, தலைவர் படத்துக்குப் பின்னால் செருகினார். எனக்குக் குடிக்க மோர் கொடுத்தார். குடித்தேன்.

நாட்டாமை ரயில்வே கேட் வரை என்னுடன் நடந்து வந்தார். அவருடைய கக்கத்திலும் அதே பத்திரிகை இருந்தது. கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி முழுவதும் கடந்து போகும்வரை நின்றோம்.

"நல்லாத்தான் படிச்சே நைனா" என்றார் பிறகு. "அவரும் இந்த மணல்ல நின்னு நல்லாத்தான் பேசினாரு."