நாற்பத்தைந்து கிராம் வெளிச்சம்

மனைவிக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்த வருடம் முருகனிடம் ஒரு வேண்டுதல் வைத்தேன். அவளுக்குப் பார்வை திரும்பினால் தைப்பூசத்துக்கு முந்திய நாற்பத்தெட்டு நாளும் மாலையில் பாராயணப் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கிறேன், கிள்ளானிலிருந்து பத்துமலைக் கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று. பார்வை திரும்பிவிட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும் என்பது ஞாபகம் வந்தது. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். மனப்பாடம் ஏறாது. எங்கள் குடும்பத்தில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. படிப்பு நடுவில் நின்றால் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நாள் தவறினால் எல்லா நாளும் போச்சு.

வீட்டில் இருந்தவரை சிக்கல் இல்லை. சாமி மேடையில் குத்துவிளக்கு, அதற்கு மேலே டியூப் லைட். கடைசி மூன்று நாள்தான் யோசனையாக இருந்தது. எங்கள் வட்டாரத்து அன்னதானக் குழு பத்துமலையில் பந்தல் போடும். நானும் மனைவியும் காய்கறி நறுக்கப் போவோம், பந்தலுக்குப் பின்னால் சின்னக் கூடாரம் அடித்துத் தங்குவோம். கூடாரத்துக்குள் எண்ணெய் விளக்கு கூடாது என்று குழுத் தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நைலான் துணி. பக்தியோடு ஏற்றினாலும் நெருப்பு நெருப்புதான். பந்தலில் வெளிச்சம் நிறைய உண்டு, ஆனால் ஒலிபெருக்கியும் உருமி மேளமும் அதைவிட நிறைய. கைப்பேசியைத் தொடுவதில்லை என்பதும் விரதத்தில் சேர்த்தி. மனைவியும் அதில் சேர்ந்துகொண்டதால் இரண்டு கைப்பேசியும் மகள் வீட்டுக்குப் போய்விட்டன.

ஆக, ஒரு விளக்கு வாங்க வேண்டும். அது பாரமில்லாமல் இருக்க வேண்டும், நான் நடக்கிறவன். கரண்ட் போனால் எடுக்கிற விளக்கு வீட்டில் ஒன்று இருந்தது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு கிலோவுக்கு மேல்.

மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். "வயித்துல பத்து கிலோவைத் தூக்கிட்டுத்தானே நடக்கப் போறீங்க? லைட்டுல போயி கிராம் கணக்குப் பார்க்குறீங்க."

கிள்ளானில் மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. அங்கே நின்ற தமிழ்ப்பெண் என் விரத மாலையைப் பார்த்தாள்.

"ஹைக்கிங்கா அங்கிள்?"

"பத்துமலைம்மா. கூடாரத்துக்குள்ள படிக்க ஒரு லைட்டு வேணும்."

"அங்கதான் கண்ணு கூசற மாதிரி லைட்டு போட்டிருப்பாங்களே."

"அதெல்லாம் வெளியிலம்மா. உள்ள எழுத்து தெரியணும்ல."

முதலில் புத்தகத்தில் கவ்வி நிற்கிற விளக்கு ஒன்றைக் கொடுத்தாள். என் புத்தகம் மெலிந்தது; விளக்கின் பாரம் தாங்காமல் மடிந்து விழுந்தது. அடுத்தது கூடார உச்சியில் தொங்கவிடுகிற விளக்கு. அதன் கீழே குனிந்து பார்த்தேன். என் தலையின் நிழல் சரியாகப் பக்கத்தின் மேல் விழுந்தது. கடைசியாக நெற்றியில் பட்டையோடு கட்டிக்கொள்கிற விளக்கு. நாற்பத்தைந்து கிராம்.

"இதுல சென்சார் இருக்கு அங்கிள். முன்னால கையை ஆட்டினா எரியும், திரும்ப ஆட்டினா அணையும். தொடவே வேணாம்லா."

தொடவே வேண்டாம் என்றதும் மனசு அங்கேயே விழுந்துவிட்டது. காய் நறுக்கின கை, செருப்பைக் கழற்றின கை, எந்தக் கையும் படாமல் எரிகிற விளக்கு. விரதக்காரனுக்கு இதைவிடச் சுத்தமான விளக்கு எது? வீட்டுக்கு வந்து சாமி படத்தின் முன் வைத்து, பட்டையில் சந்தனம் வைத்தேன்.

நடைப்பயணத்தில் முதல் இரவு பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயில் மண்டபத்தில் தங்கினேன். அங்கே எட்டு டியூப் லைட். நாற்பத்தைந்து கிராமும் பையிலேயே கிடந்தன. மறுநாள் பத்துமலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மனைவி கூடாரத்தோடும் பாய் தலையணையோடும் ரயிலில் வந்து இறங்கியிருந்தாள்.

"அந்தப் பெரிய லைட்டை என் பையில போட்டிருந்தா ரயிலு தூக்கிட்டு வந்திருக்குமே" என்றாள்.

இது எனக்குத் தோன்றவே இல்லை.

மாலை ஏழரை மணி. நாற்பத்தாறாம் நாள். குளித்து, திருநீறு பூசி, விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. முதல் பாட்டைப் படித்து முடித்து, வழக்கம்போல இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "முருகா" என்றேன்.

விளக்கு அணைந்தது.

பேட்டரி என்று நினைத்தேன். தடவிப் பார்த்தேன், எரிந்தது. படிப்பு நின்றுபோனதால் முதலிலிருந்து தொடங்கினேன். முதல் பாட்டு. கும்பிட்டேன். அணைந்தது. மூன்றாம் தடவை உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. என்ன தப்புச் செய்தோம்? மத்தியானம் கறிவேப்பிலை உருவுகிறபோது யாரையாவது திட்டினோமா?

கூடாரத்துக்கு வெளியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "உள்ள என்ன, டிஸ்கோ நடத்துறீங்களா?"

"அணைஞ்சு அணைஞ்சு போகுது. சாமிக்கு என் படிப்புப் பிடிக்கலை போல."

அவள் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தாள். நான் நாலாம் தடவை கும்பிட்டேன். இருட்டு. அவள் சிரித்த சிரிப்பு பந்தல் வரைக்கும் கேட்டிருக்கும்.

"சாமி என்ன செய்யும்? நீங்க கையை ஆட்டுறீங்க, அது அணையுது!"

கையைத் தூக்காமல் படித்துப் பார்த்தேன். முப்பது வருடப் பழக்கம், பாட்டு முடிந்ததும் கை தானாக ஏறியது. விளக்கை வாயில் கவ்விக்கொள்ளலாம், ஆனால் படிக்க வேண்டியதும் அதே வாய். கடைசியில் மனைவி என் நெற்றியிலிருந்து அதை உருவித் தன் தலையில் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"என் கண்ணுக்குன்னு வேண்டிக்கிட்டு என் தலையிலேயே கட்டியாச்சு. ம், படிங்க."

ஆறாம் தடவை தொடங்கினேன். கூடாரம் ஆற்றோரம், கொசு மொய்த்தது. வெளிச்சத்தைத் தேடி எல்லாம் அவள் முகத்துக்கே வந்தன. ஒன்றை விரட்டக் கையை எடுத்தாலும் விளக்கு அணையும், நான் மறுபடி முதல் வரிக்குப் போக வேண்டும். அவள் கையை எடுக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். நான் ஆசை தீரக் கையைத் தூக்கித் தூக்கிக் கும்பிட்டு முடித்தேன். முடிந்ததும் பார்த்தால் அவள் நெற்றியிலும் கன்னத்திலும் ஏழெட்டுத் தடிப்பு.

மறுநாள் காலையில் விளக்கு வந்த அட்டைப்பெட்டியை வெயிலில் பிடித்து அவள் படித்தாள். எறும்பு மாதிரி எழுத்து. "பட்டனை ரெண்டு வினாடி அமுக்கினா சென்சார் நின்னுடுமாம்" என்றாள். அமுக்கிக் காட்டினாள். முகத்துக்கு எதிரே என்ன ஆட்டினாலும் விளக்கு அசையாமல் எரிந்தது. நான் அவள் முகத்துத் தடிப்புகளைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று மாலை கட்டிக்கொள்ளத் தலையை நீட்டினேன். அவள் தன் தலையிலேயே கட்டிக்கொண்டாள்.

"உங்க தலை ஆடும். எனக்கு எழுத்து தெரியணும்."

"உனக்கு எதுக்கு?"

"நேத்து ரெண்டாம் பக்கத்துல ஒரு வரி விட்டுட்டீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பவே சொல்லக் கூடாதா? நேத்தைய நாளே போச்சே!"

"சொன்னா ஏழாவது தடவை ஆரம்பிப்பீங்க. எனக்கு மூஞ்சியே மிஞ்சியிருக்காது. அந்த வரியை நான் மனசுக்குள்ள படிச்சுட்டேன். சாமிக்குத் தெரியும்."

"எந்த வரி?"

விரலை வைத்துக் காட்டினாள். பக்கத்தின் அடியில், மடிப்புக்குள் பாதி மறைந்து, மிகச் சின்னதாக ஒரு வரி இருந்தது. அதை நான் அதற்கு முன் பார்த்த ஞாபகமே இல்லை. நேற்று மட்டும் விட்டேனா, நாற்பத்தாறு நாளும் விட்டேனா என்று அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் வெளிச்சத்தை அந்த வரியின் மேல் நிறுத்தினாள். நான் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.