தபசு காலத்தில் ஊதிய பாட்டு

ஒக்டோபர் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு பத்து. ஆபிரிக்கப் பக்கமிருந்து வரும் சூட்டுக் காற்று இந்த இத்தாலியத் தீவு நகரின் கால்சாக் கடற்கரை முழுவதும் செம்மண் தூளை இறைத்துக்கொண்டிருந்தது. அரை மணித்தியாலத்தில் என் வெள்ளைச் சட்டை கெட்டுவிட்டது. முழங்கால் வேறு உளைந்தது. வீட்டுக்குப் போவோம் என்று எழும்பிய நேரத்தில்தான், புல்தரையில் நின்ற ஓர் இத்தாலிய இளைஞன் சாக்சபோனை வாயில் வைத்தான்.

அவன் வாசித்தது பழைய சோல் பாட்டு. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் தங்கள் தேவாலயக் குரலை அப்படியே காதலுக்குக் கொடுத்துப் பாடியவை அந்தப் பாட்டுகள். விட்டுப் போகாதே என்று நெஞ்சிலடித்துக் கெஞ்சுபவை. இவன் கெஞ்சலையெல்லாம் துடைத்துவிட்டு, வெண்ணெய் பூசியதுபோல வாசித்தான். கெட்டிக்காரன்தான். எனக்கு மரியதாஸின் ஞாபகம் வந்துவிட்டது. பிறகு எங்கே எழும்புவது?

மரியதாஸ் மன்னார் பேசாலைக்காரன். பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஐந்து பேர் ஓர் அறையில் இருந்த காலத்தில் எனக்குப் பக்கத்துக் கட்டில். கிழமை நாட்களில் வீடுகள் துடைப்பான். சனிக்கிழமைகளில் ஒரு ஹோட்டல் விருந்தில் சோல் பாட்டுகளை ஊதுவான். இந்தப் பையனைப்போல மெதுவாகத்தான் ஊதுவான். ஆனால் ஒவ்வொரு அடியின் முடிவையும், மன்னார்க் கோயில்களில் இயேசுவின் பாடுகளை நினைத்துப் படிக்கும் பசாம் புலம்பலைப்போல, கீழே இழுத்து விடுவான். விருந்துக்கு வரும் இத்தாலியச் சீமாட்டிகள், அந்தச் சினியோராக்கள், அந்த இழுவைக்குத்தான் மயங்கினார்கள். அவர்களில் ஒருத்தி அவன் தோளில் சாய்ந்து எடுத்த படம் எப்படியோ பேசாலைக்குப் போய்ச் சேர்ந்தது.

அதன்பிறகு அவனுடைய மனைவி பிலோமினா கதைக்கவில்லை. போனுக்கு வருவாள், அதுதான் கொடுமை. ஞாயிறு மதியம் நாங்கள் பல்லரோவில் ஒரு வங்காளதேசத்தவரின் போன் கடைக்குப் போவோம். ஏலக்காயும் வியர்வையும் மணக்கும் கடை. பலகைத் தடுப்பில் ஆறு கூடுகள். அங்கிருந்து அவளுடைய பக்கத்து வீட்டு எண்ணுக்கு எடுப்பான். அவள் வந்து ரிசீவரைக் காதில் வைப்பாள். மூச்சுக் கேட்கும், பின்னால் கோழி கேட்கும், பேச்சு இல்லை. இவன் சத்தியம் பண்ணுவான், அழுவான். ஆறு ஞாயிறு இப்படிப் போனது. அடுத்த ஞாயிறு போனுக்கே வரமாட்டாள் என்று பயந்தான். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

ஏழாவது ஞாயிறு சாக்சபோன் பெட்டியோடு வெளிக்கிட்டான்.

"என்ன விசரே உமக்கு?" என்றேன்.

"கதைச்சால் பொய் எண்டு நினைக்கிறாள் அண்ணை. ஊதினா அப்பிடி நினைக்கேலாதுதானே."

"ஊதிற வாயாலை இன்னொருக்கா மன்னிப்புக் கேட்டால் மலிவு. இது நிமிஷத்துக்குக் காசு."

"நீங்கள் போனைப் பிடியுங்கோ. கணக்குப் பிறகு பாப்பம்."

கூட்டுக்குள் இரண்டு பேர் நிற்க இடமில்லை. நான் பாதி வெளியே நின்று ரிசீவரை அந்தப் பித்தளை வாய்க்குக் கிட்டப் பிடித்தேன். ஊதினான். கெஞ்சுகிற பாட்டுத்தான், அதை அவன் தன் ஊர் இழுவையில் இழுத்தபோது கடையில் ஒருவர் பின் ஒருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்துக் கூட்டிலிருந்த கானா நாட்டுப் பெண் தன் ரிசீவரையும் எங்கள் பக்கம் நீட்டிப் பிடித்தாள். யாருக்குக் கேட்கக் கொடுத்தாளோ.

பாதிப் பாட்டில் என் கைக்குள் ரிசீவர் கத்தியது.

"இஞ்சேருங்கோ! தபசு காலத்திலை வாத்தியம் ஊதுறியளோ? கடவுளுக்குப் பயமில்லையே?"

மரியதாஸ் திகைத்து என்னைப் பார்த்தான். நான் சைவக்காரன், எனக்கென்ன தெரியும்? உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் நோன்புதான் தபசு காலம்; அப்போது அவர்கள் ஊரில் வாத்தியத்தைத் தொடமாட்டார்களாம். ஹோட்டலுக்குத் தபசு ஏது? அவன் மறந்தே போயிருந்தான்.

ரிசீவரைப் பறித்துக்கொண்டான். "பிலோ, பிழைதான், பிலோ..." வாய் அழுதது, முகம் முழுக்கச் சிரிப்பு.

அவள் நன்றாக ஏசினாள். படத்தைப் பற்றி ஏசினாள், அவன் மெலிந்ததைப் பற்றி ஏசினாள், பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னாள். கடைசியாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

"மிச்சத்தை உயிர்த்த ஞாயிறுக்கு ஊதுங்கோ. இப்ப வையுங்கோ, காசு போகுது."

உயிர்த்த ஞாயிறன்று ரிசீவரை அவனே கழுத்தில் துணியால் கட்டிக்கொண்டான். நான் வெளியே நின்று கதவைச் சாத்திவிட்டேன். பாட்டு முடிந்த பிறகு அவள் என்ன சொன்னாள் என்று தெரியாது. நெடுநேரம் சொன்னாள்.

இரண்டு வருடத்தில் அவள் இங்கே வந்தாள்; பிறகு இருவரும் பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். போன் கடை இருந்த இடத்தில் இப்போது உல்லாசப் பயணிகளுக்குத் தோடம்பழச் சாறு பிழிந்து விற்கிறார்கள். இன்று எல்லோர் பையிலும் போன். கடல் கடந்தும் இலவசமாகக் கதைக்கலாம். காசு கட்டி ஒருத்தியின் மூச்சை மட்டும் கேட்டு நிற்க இனி யாரும் வரப்போவதில்லை. அடுத்த கூட்டில் நிற்பவரின் துக்கம் காதில் விழ ஒரு பலகைத் தடுப்பும் இல்லை.

உயிர்த்த ஞாயிற்றுக்கான காசை நான்தான் கொடுத்தேன், பெருநாள் கைவிசேஷமாக: பதினேழு யூரோ நாற்பது சதம்.